நடுக்கட்டத்தில் நான் எழுதிய சொல்

அன்புள்ள சண்முகம்,

உனக்கு எழுதும் கடிதங்களை "இங்கு யாவரும் சுகம்" என்று தொடங்குவதுதான் என் வழக்கம். அம்மாவுக்கு மூட்டுவலி என்றாலும், மழைக்கு ஓடு ஒழுகினாலும், முதல் வரி அதுதான். இன்று அந்த வரியை எழுதக் கை வரவில்லை. பயப்படாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. கல்யாண வேலைகள் நடக்கின்றன. பந்தல்காரன் வந்து வாசலை அளந்துவிட்டு, மாமரக் கிளை ஒன்றை வெட்ட வேண்டும் என்று சொல்லி, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனான். சுகமில்லாதவன் நான் ஒருவன்தான். அது வைத்தியரிடம் காட்டுகிற சங்கதி இல்லை.

இந்த உறையை நான் ஒட்டவில்லை. கிழவனுக்கு மறதி என்று நினைத்துவிடாதே. இதையே இன்னும் மூன்று படி எழுதி, உன் மாமாவுக்கும், கோலாரில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கும், தும்கூரில் உனக்குப் பெண் கொடுக்கிற சம்பந்திக்கும் இப்படியே ஒட்டாமல் அனுப்புகிறேன். உன்னைப் பற்றி ஒரு பேச்சு அந்த வீடுகளுக்கெல்லாம் போயிருப்பது உனக்கும் தெரியும். பேச்சு மட்டும் எல்லார் வாசலிலும் ஏறி இறங்கலாம், அதற்குப் பதில் உன் ஒருவன் காதில் ரகசியமாக விழுந்தால் போதும் என்பது நியாயமாகாது. உன் வருங்கால மாமனார் படிக்கும்போது நீ கூச்சப்படாதே. கூச்சம் முழுக்க என்னுடையது.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாடகக்காரன் புத்தியில் கடைசிவரை இழுக்காமல். உன் அம்மாவின் கெம்புக் கம்மலை நீ எடுக்கவில்லை. இது உனக்குப் புதுச் செய்தி இல்லை. அதை எடுத்தவன் நான். இதுதான் உனக்குத் தெரியாதது. எடுத்ததும் ஒளித்ததும் நான், உன்னைக் கூப்பிட்டுக் கேட்டதும் நான், நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றபோது சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்ததும் நான். இதை எழுதி முடிக்க ஒரு காலைப் பொழுது ஆயிற்று. மூன்று தாள் கிழித்தேன். என் வசனத்துக்கு ஜனங்கள் கைதட்டியிருக்கிறார்கள், ஒரு நாளும் இவ்வளவு தாள் கிழித்ததில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மெட்ராஸில் குண்டு விழும் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியபோது, பெங்களூர் பக்கம் வந்து சேர்ந்தவர்களில் அந்த சினிமா டைரக்டரும் ஒருவர். காக்ஸ் டவுனில், சர்ச்சுக்குப் பின்னால், ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்திருந்தார். அப்போது நான் சர்க்கார் கச்சேரி உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, நாடகக் கம்பெனிகளுக்கு எழுதுவதும் குறைந்து, மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு காலம் தள்ளிய நேரம். அவர் என் பழைய நாடகம் ஒன்றைப் பார்த்திருந்தாராம், ஆள் விட்டுக் கூப்பிட்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உன்னைத்தான் முதல் நாள் ஜட்கா வண்டியில் துணைக்கு அழைத்துப் போனேன், நினைவிருக்கிறதா? நீ என் கோட்டின் காலரைச் சரிசெய்துவிட்டாய்.

யுத்தத்தினால் பிலிமுக்குத் தட்டுப்பாடு, சர்க்கார் படத்தின் நீளத்தையே வெட்டச் சொல்லிவிட்டது. அதனால் பாட்டைக் குறைத்து, சண்டையைக் குறைத்து, ஒரு மனிதன் மனசுக்குள் நடக்கிற பயத்தையே படமாக எடுப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். கதை இவ்வளவுதான். ஒரு விடுதியில் நகை காணாமல் போகிறது. அங்கே தங்கியிருக்கும் இளைஞன் ஒருவன்மேல் சந்தேகம் விழுகிறது. அவன் எடுக்கவில்லை. ஆனால் பார்க்கிறவர்களெல்லாம் பார்க்கிற பார்வையில், படம் முடியும்போது தான் எடுத்தோமா இல்லையா என்று அவனுக்கே தெரியாமல் போய்விடுகிறது. கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ராஜா, மந்திரி, நாரதர் என்று எழுதிப் பழகிய கைக்கு இது பெரிய விருந்து.

ஆனால் ஒரு காட்சிகூட எழுத விடமாட்டேன் என்றார் அவர். முதலில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஜாதகம் எழுத வேண்டும். நிஜமாகவே பென்சிலால் பன்னிரண்டு கட்டம் போட்டுக் கொடுத்தார். கிரகங்களுக்குப் பதில் அதில் ஆளை எழுத வேண்டும். ஒரு கட்டத்தில் அவன் எதற்குப் பயப்படுவான். இன்னொன்றில் யாரிடம் பொய் சொல்ல மாட்டான். இன்னொன்றில், தனியாக இருக்கும்போது அவன் கை என்ன செய்துகொண்டிருக்கும். "ஜாதகம் பாக்காம பொண்ணு குடுப்பீங்களா வாத்தியாரே? அப்புறம் ஜாதகம் இல்லாத ஒருத்தனை எப்படி நான் படத்துக்குள்ள விடறது?" என்பார். சாதாரண ஜாதகத்தில் நடுக்கட்டத்தில் ராசி என்று எழுதியிருக்குமே, அந்த இடத்தை மட்டும் காலியாக விடச் சொல்வார். எல்லாக் கட்டமும் நிரம்பிய பிறகு கடைசியில், அந்த ஆள் செய்கிற எல்லாவற்றுக்கும் காரணம் எதுவோ அதை ஒரே சொல்லில் அங்கே எழுத வேண்டும். அந்தச் சொல் கிடைத்துவிட்டால் படம் தானாக நடக்கும் என்பது அவர் கொள்கை.

நல்ல வழிதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன். அதை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம்தான் கெட்டது. விடுதிக்கார அம்மாளின் கட்டங்களை நம் பக்கத்து வீட்டுக் கமலம்மாவைப் பார்த்து நிரப்பினேன். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது, பேச்சுக்கு நடுவில் காகத்தை விரட்டுவது எல்லாம் அவள். ஓயாமல் நியாயம் பேசிக்கொண்டு கைமாற்றுக் கேட்கிற வக்கீல் குமாஸ்தா யாரென்று கேட்க வேண்டாம், உன் மாமாதான். இதைப் படிக்கிற மாமா மன்னிக்க வேண்டும், டைரக்டர் அந்தப் பாத்திரத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். ஆகத் தெருவில் தொடங்கிச் சொந்தக்காரர்களிடம் வந்தாயிற்று. இனி வீட்டுக்குள்தான் வர வேண்டும்.

அந்த இளைஞனின் ஜாதகம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. எழுதிக்கொண்டு போனதையெல்லாம் டைரக்டர் திருப்பிக் கொடுத்தார். ஒரு நாள் படித்துவிட்டு, "இது பாத்திரம் இல்ல வாத்தியாரே, நன்னடத்தை சர்டிபிகேட்" என்றார். பக்கத்தில் காபி கொண்டுவந்து வைத்த ஆள்கூடச் சிரித்தான். பிறகு அவரே சொன்னார். "தப்பு பண்ணவன் எப்படி முழிப்பான்னு எல்லாருக்கும் தெரியும். ஒண்ணுமே பண்ணாதவனை மூஞ்சிக்கு நேரா கேட்டா அவன் எப்படி முழிப்பான்? யாரும் அதை உத்துப் பாத்ததே இல்ல. பாத்துட்டு வாங்க." அவர் ஏதோ பேச்சுக்குச் சொன்னார். நான் அதை வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா வெள்ளிக்கிழமைதோறும் தலைமுழுகிவிட்டு, பூஜை அலமாரியில் இருக்கும் சிமிழைத் திறந்து தாய்வீட்டுக் கம்மலைப் போட்டுக்கொள்வாள் என்பது தெருவுக்கே தெரியும். அவள் கிணற்றடியில் இருக்கும்போது நான் அதை எடுத்து என் ஹார்மோனியத்தின் பின்மூடிக்குள் போட்டேன். சாயங்காலம் திருப்பி வைத்துவிட்டு, சும்மா ஒரு விளையாட்டு என்று சொல்லிச் சிரித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. சாயங்காலம் வந்தது, நான் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அம்மா வீடு முழுக்கத் தேடினாள். அரிசிப் பானையில்கூடக் கையை விட்டுப் பார்த்தாள். நீ வேலை தேடி யாரையோ பார்த்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றினாய். நான் மடியில் தாளும் பென்சிலுமாகத் தயாராக இருந்தேன். குரலை உயர்த்தாமல், நாடகத்தில் நீதிபதி பேசுகிற மாதிரி, "சண்முகம், அம்மாவோட கம்மலைக் காணோம். நீ எடுத்தியா?" என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு அடுக்களை வாசலில் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்ற அம்மாவைப் பார்த்தாய். அவளை ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு, ஏற்கெனவே போட்டிருந்த கழுத்துப் பொத்தானை மறுபடி ஒரு தரம் போட்டாய். "நான்தான்பா எடுத்தேன்" என்றாய். எங்கே என்று கேட்டேன். "செலவாயிடுச்சு" என்றாய். அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. உன் பொத்தானைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த நிமிஷம் நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்து போய் ஹார்மோனியத்தைத் திறந்திருக்க வேண்டும். என் மகன் செய்யாததைச் செய்தேன் என்கிறான், பெற்றவனுக்கு வயிறு பதற வேண்டாமா? எனக்குப் பதறவில்லையடா. சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. நான் தேடி அலைந்த பாத்திரம் என் கூடத்தில் வந்து நிற்கிறது என்று நினைத்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு நேரே காக்ஸ் டவுனுக்குப் போனேன். உன் பேரைச் சொல்லாமல், கற்பனை மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். பார்வை, பொத்தான், "செலவாயிடுச்சு" எல்லாம். டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "இதுதான்யா படம்" என்றார். பிறகு பென்சிலை எடுத்து, "சரி, செய்யாததை ஏன் ஒத்துக்கிட்டான்? நடுக்கட்டத்துல என்ன போடறது?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "கோழை" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். அம்மா சாப்பிடாமல் இருந்தாள். நீ வெளியே போயிருந்தாய். அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அவனை இனிமே ஒண்ணும் கேக்காதீங்க. யார்கிட்டயும் சொல்லவும் வேணாம். புள்ளை பேர் கெட்டுடும். எனக்குக் கம்மல் போனா போகட்டும்" என்றாள். அவள் அவ்வளவு பெரிய மனசோடு மன்னித்த பிறகு, அதை நான் ஒரு கதைக்காகச் செய்தேன் என்று எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மாவு ஒரு நாள் புளித்தால் தோசை வார்க்கலாம், பத்து நாள் புளித்தால் தொட்டியில்தான் கொட்ட வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் சொல்ல வேண்டிய புத்தி இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. அவள் கோபித்துக்கொள்வாள், இரண்டு வேளை பேசமாட்டாள், அத்தோடு போகும். நான் அந்தக் கோபத்துக்குப் பயந்துகொண்டு இத்தனை தூரம் வந்து நிற்கிறேன்.

அம்மா மூடினாலும் விஷயம் மூடிக்கிடக்கவில்லை. அவள் அடுத்த வெள்ளிக்கிழமை சாதாரணத் தோட்டோடு கோயிலுக்கு வந்ததைப் பார்த்த உன் மாமா, கம்மல் எங்கே என்று துருவித் துருவிக் கேட்டார். தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று அவருக்கு ஒரு ரோஷம். அம்மா பொறுக்கமாட்டாமல் உண்மையைச் சொன்னாள், அதாவது உண்மை என்று அவள் நினைத்ததை. அவர் கோலார் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான், பழி சோறு தின்னாதவன் தலையில் விழுந்தது. வேண்டாம் வேண்டாம் என்று நீ தள்ளிக்கொண்டிருந்த ஹூப்ளி ரயில்வே உத்தியோகத்தை அதற்கப்புறம்தான் ஒத்துக்கொண்டாய். நீ ஏன் போகிறாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, நல்ல உத்தியோகம், வயசுப் பையன் நாலு ஊர் பார்க்க வேண்டும் என்று தெருவெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தேன்.

ஸ்டேஷனுக்கு நாங்கள் இருவரும் வந்தோம். வண்டி கிளம்பும்போது அம்மா புளியோதரைப் பொட்டலத்தை உன் கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "ஊரார் பொருள் நமக்கு வேணாம்பா, கை சுத்தமா இரு" என்றாள். நீ சிரித்தாய். சரிம்மா என்றாய். அதே பிளாட்பாரத்தில், ஒரு கை தூரத்தில், நான் உன் படுக்கைச் சுருளின் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இறுகக் கட்டியிருந்த கயிறு அது. அதை அவிழ்த்து மறுபடி கட்டினேன், நிமிர்ந்து உங்கள் இருவர் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்குமே என்று.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டு சாப்பிட்டேன், தூங்கினேன், மார்க்கெட்டுக்குப் போனேன், காட்சிகளை எழுதிக் கொடுத்தேன். மனிதன் எதையும் தாங்குவான், அதிலும் வெட்கத்தை நன்றாகவே தாங்குவான். என்னை உடைத்தது போன வாரம் நடந்த ஒரு சின்ன விஷயம். நீ கல்யாணத்துக்கு வருகிற தேதியை எழுதிக் கடிதம் போட்டாய் இல்லையா? அது வந்த அன்று மத்தியானம், அம்மா தன்னிடமிருந்த மிச்ச நகைகளையும், மருமகளுக்காக வாங்கி வைத்திருந்த வளையல்களையும் ஒரு மஞ்சள் துணியில் மூட்டையாகக் கட்டினாள். வேலிப் பக்கம் போய்க் கமலம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். கமலம்மாதான் கன்னடமும் தமிழும் கலந்தே பேசுகிறவள் ஆயிற்றே, "யாக்கம்மா? மதுவெ வீட்டு நகையை, கல்யாண நகையை யாராவது வெளியே வைப்பாங்களா?" என்று கேட்டாள். அம்மா திரும்பி நம் வாசலைப் பார்த்தாள். பிறகு, "ஜனம் வந்து போற வீடு, அதான்" என்றாள்.

ஜனத்துக்காக இல்லை, உனக்காக. நீ வருகிறாய் என்று நகையை வெளியே அனுப்புகிறாள். உன்மேல் வெறுப்பால் இல்லை. உனக்கு மறுபடி ஒரு சபலம் வந்துவிடக் கூடாது, புது மருமகள் கண்முன் நீ கெட்ட பேர் எடுக்கக் கூடாது என்ற பயத்தால். திரும்பி வந்து அலமாரியைச் சாத்திவிட்டு, அதன்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கூடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக, எதையும் எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை. ஹார்மோனியத்தைத் திறந்தேன். கம்மல் தூசி படிந்து கிடந்தது. துடைக்கக்கூட இல்லை, அப்படியே எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன்.

அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கம்மலைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டாள். "எங்க இருந்துச்சு?" என்றாள். சொன்னேன். "யாரு வச்சா?" நான்தான் என்றேன். "எதுக்கு?" கதைக்கு என்றேன். "கதைக்கா" என்று திருப்பிச் சொன்னாள், அந்தச் சொல்லையே முதல் தடவை கேட்பவள் மாதிரி. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டம், டைரக்டர், மடியில் வைத்திருந்த தாள், ஒன்றையும் விடவில்லை. கல் மேலிருந்த தோசை கருகியது, இருவருமே அதை எடுக்கவில்லை. அவள் கத்துவாள், என்னை நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் கேட்டது வேறு. "அப்போ அவன் ஏன் எடுத்தேன்னு சொன்னான்?"

பயந்துவிட்டான் என்றேன். நடுக்கட்டத்தில் எழுதிய அதே பதில்தான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அவனா பயந்தவன்? நீங்க கேட்டப்போ அவன் யாரைப் பாத்தான்?" என்றாள். முதலில் என்னை, பிறகு அவளை, அவளைத்தான் அதிக நேரம் என்றேன். எனக்கு எல்லாம் மனப்பாடம், எழுதி வைத்தவன் ஆயிற்றே. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அதுக்கு முந்தின நாள்தாங்க என் தம்பி வந்து அவன் எதிர்லயே பணம் கேட்டு அழுதுட்டுப் போனான். நான் கம்மலைக் கழட்டி அவனுக்குக் குடுத்துட்டு உங்ககிட்ட மறைக்கறேன்னு புள்ளை நெனச்சிருக்கான். என்னைக் காப்பாத்தத்தான் சொல்லியிருக்கான். பித்தளைத் தூக்கு வண்டியில போன கதைதாங்க இது, உங்களுக்கு மறந்துபோச்சு" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

தூக்கு வண்டியில் போன கதை எனக்கு மறக்கவில்லை, சண்முகம். ஆயிரம் தடவை சொல்லிச் சிரித்திருக்கிறேன். உனக்கு ஒன்பது வயதிருக்கும். பசவனகுடியில் கடலைக்காய்ப் பரிஷே திருவிழாவுக்குப் போய்விட்டு ஜட்காவில் திரும்பி வந்தோம். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால் புதுப் பித்தளைத் தூக்கைக் காணோம். நான் குதித்த குதியில் அம்மா சுவரோடு ஒண்டிக்கொண்டாள். நீ முன்னால் வந்து, "நான்தான்பா வண்டியில விட்டுட்டேன்" என்றாய், முதுகில் இரண்டு வைத்தேன். சாயங்காலம் ஜட்காக்காரர் தூக்கோடு வந்து நின்றார். "அம்மாஜிதான் சீட்டு கீழே வச்சாங்க சாப், பச்சா பாவம், சின்னப் புள்ளை" என்றார். நான் உன் கையில் ஒரு பிடி கடலைக்காய் கொடுத்து நியாயம் செய்துவிட்டேன். "இவன் அடி வாங்கவே பிறந்தவன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். வேடிக்கையாகச் சொன்ன அந்தக் கதைக்குள் உன் ஜாதகம் முழுக்க இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் நான். அலைந்ததோடு நிற்காமல், அந்த வெண்ணெய்க்குக் கெட்ட பேரும் வைத்தேன்.

பார்த்தது எதிலும் நான் பிசகவில்லை. உன் கண் போன திசை, விரல், பொத்தான் எல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தேன். காரணத்தை மட்டும் கோட்டைவிட்டேன். அடுக்களையில் நின்றுகொண்டே அவள் கண்டுபிடித்ததை, ஆட்களைப் படிப்பதையே தொழிலாக வைத்திருக்கிற நான் கண்டுபிடிக்கவில்லை. ஏன் என்றால், எனக்குத் தெரிந்த காரணத்தை உனக்குப் போட்டேன். அதட்டலுக்குப் பயந்து எதையும் ஒத்துக்கொள்கிறவன், கோபத்துக்குப் பயந்து உண்மையை விழுங்குகிறவன் நம் வீட்டில் ஒருவன் இருக்கிறான். அந்தக் கட்டத்தில் நான் எழுதியது என்னைத்தான். உன் மனைவி ஏதாவது செய்தால், உனக்குப் புரியாததாக இருந்தால், உன் மனசிலிருந்து ஒரு காரணத்தை எடுத்து அவளுக்குப் போட்டுவிடாதே. கேள். கேட்கும்போது மடியில் பென்சில் வேண்டாம்.

மறுநாள் டைரக்டரிடம் போனேன். அந்தப் பாத்திரத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் கவலை அவருக்கு. நடிகர் ஒப்பந்தமாகி, காட்சிகள் எழுதியாகி, இனி எதை எடுப்பது என்றார். நான் பிடிவாதமாக நின்றதைப் பார்த்து, "என்ன வாத்தியாரே, கோழைங்கறது பொருந்தலியா? அப்போ வேற என்ன போடணும், சொல்லுங்க, மாத்திடுவோம்" என்று பென்சிலை நீட்டினார். சரியான சொல் அப்போது என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் படம் இன்னும் நன்றாக வந்திருக்கும், எனக்கும் பேர் வந்திருக்கும். உன்னை ஒரு தடவை விற்றது போதும் என்று தோன்றியது. ஒன்றும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் பேரையும் எடுத்துவிடச் சொல்லி, எழுந்து வந்தேன். அவர் வேறு யாரையாவது வைத்து எழுதிக்கொள்வார். கோழை என்றே படம் வரட்டும், அது நீ இல்லை. படம் வந்தால் நான் பார்க்கப் போவதில்லை.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்பன் மகனிடம் மன்னிப்புக் கேட்டால் மகன் வேறு என்ன சொல்ல முடியும்? நீ உடனே மன்னித்துவிடுவாய், எனக்குத் தெரியும், இன்னொரு தடவை எல்லாவற்றையும் உன் தலையில் ஏற்றிக்கொள்வாய். அது வேண்டாம். கோபப்படு. ஹூப்ளியிலிருந்து நாலு பக்கம் திட்டி எழுது. கல்யாணத்தில் எனக்கு நமஸ்காரம் செய்ய மனம் வராவிட்டால் செய்யாதே, ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். சம்பந்திக்கு ஒரு வார்த்தை. ஐயா, என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்துக்கொண்டாலும் தகும். உங்கள் பெண்ணை ஒரு தங்கமான பிள்ளைக்குத்தான் கொடுக்கிறீர்கள்.

அம்மா இப்போது என்னோடு அதிகம் பேசுவதில்லை. சாப்பாடு போடுகிறாள், கறிவேப்பிலை வாங்கி வரச் சொல்கிறாள், அவ்வளவுதான். கமலம்மாவிடமிருந்து மஞ்சள் மூட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்து, அலமாரியைப் பூட்டாமல் வைத்திருக்கிறாள். கம்மலைப் புளி போட்டுத் தேய்த்துச் சிமிழில் போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை தலைமுழுகிவிட்டு வந்தவளிடம் போட்டுக்கொள்ளேன் என்று சொன்னேன். மாட்டேன் என்றாள். "அவன் வந்து எடுத்துக் குடுத்தாதான் போட்டுக்குவேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பூஜை அலமாரிக்குப் போ. சிமிழ் அதே இடத்தில்தான் இருக்கிறது. இந்தத் தடவை நீதான் எடுக்க வேண்டும், சண்முகம்.

அப்பா